பழைய தங்க டிரெஸ் வாட்ச் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தங்க வாட்ச் சேர்க்கிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், சில சமயம் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தங்கத்தில் செய்த வாட்ச் எல்லாமே டிரெஸ் வாட்ச்தானா?

இல்லை. டிரெஸ் வாட்ச் என்பது முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்கு அடியில் சத்தமில்லாமல் நுழைந்துவிடும் வாட்ச். மெல்லிய கேஸ் (வாட்ச்சின் வெளிக்கூடு), இரண்டு முள் அல்லது மூன்று முள், தோல் வார், அவ்வளவுதான். தேதி காட்டுவதுகூடப் பலவற்றில் இருக்காது. தங்கத்தில் செய்த கனமான ஸ்போர்ட்ஸ் வாட்ச்சுகளும் ஸ்டாப் வாட்ச் வசதி உள்ளவையும் வேறு இனம்.

சேகரிப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் 1930களிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை ஸ்விட்சர்லாந்தில் செய்தவை. இந்த வகைக்கு அளவுகோல் மாதிரி சொல்லப்படுவது பாட்டெக் பிலிப் என்ற ஸ்விஸ் கம்பெனி 1932இல் கொண்டுவந்த 96 என்ற மாடல். விட்டம் ஏறக்குறைய 31 மில்லிமீட்டர்தான். அந்தக் கம்பெனியை ஸ்டெர்ன் சகோதரர்கள் வாங்கியதும் அதே வருடம்தான். அதற்கு முன் அவர்கள் டயல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். இதை நினைவில் வையுங்கள், டயல் பற்றிய கேள்வியில் உதவும்.

எங்க தாத்தா வாட்ச் தங்கக் கலர்ல பளபளன்னு இருக்கு. நிஜத் தங்கமா?

பெரும்பாலும் பூச்சாகத்தான் இருக்கும். ஏமாற்றமாக இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்பக்க மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று எழுதியிருந்தால் மேல்பாகத்தில் இருப்பது பூச்சு அல்லது மேலே போர்த்திய தங்கத் தொப்பி. 10 மைக்ரான், 20 மைக்ரான், பிளாக்கே, ரோல்டு கோல்டு, கோல்டு ஃபில்டு போன்ற சொற்கள் இருந்தாலும் முழுத் தங்கம் இல்லை. அமெரிக்கக் கேஸ்களில் 10 கேரட் அல்லது 14 கேரட் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே கோல்டு ஃபில்டு என்பதும் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

லக் என்று சொல்லும், வார் மாட்டுகிற நான்கு கால்களின் ஓரத்தையும் பாருங்கள். உரசல் அதிகம் படும் இடம் அது. அங்கே வெள்ளையாகவோ பித்தளை மஞ்சளாகவோ வேறு நிறம் எட்டிப்பார்த்தால் அது பூச்சு. கார்ட்டியேயில் இன்னொரு சிக்கல் உண்டு. டாங்க் என்பது அவர்களுடைய செவ்வக வாட்ச்; 1977இல் வந்த மஸ்ட் வரிசை டாங்க் வாட்ச்சுகள் வெள்ளியின் மேல் தங்கம் பூசியவை. பார்க்க அப்படியே தங்க டாங்க் மாதிரி இருக்கும். பின்னால் 925 என்று இருந்தால் அது வெள்ளி.

நகைக்கடையில் கொடுத்து உரசிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் லக்கின் ஓரத்தில் ஒரு பட்டை போய்விடும். அது திரும்ப வராது. கேரட்மீட்டர் இருக்கும் கடைக்குப் போனால் கீறாமல் சோதிக்கலாம். ஆனால் அந்த மிஷின் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். தடித்த பூச்சைத் தங்கம் என்றே காட்டிவிடும். அதனால் நம்ப வேண்டியது பின்மூடியின் உட்புறத்தில் இருக்கும் முத்திரைகளைத்தான்.

பேக் கவரைத் திறந்தால் உள்ளே ஒரு பெண் தலை, அணில் எல்லாம் குட்டியாகப் பொறித்திருக்கிறது. அது என்ன?

ஸ்விஸ் அரசின் ஹால்மார்க். 1880இல் வந்த சட்டத்திலிருந்து 18 கேரட் தங்கக் கேஸுக்கு ஸ்விட்சர்லாந்தின் உருவகமான ஹெல்வேஷியா என்ற பெண்ணின் பக்கவாட்டுத் தலை, 14 கேரட்டுக்கு அணில். 0.750 என்றும் 0.585 என்றும் எண்ணும் பக்கத்தில் இருக்கும். 1995 முதல் எல்லாவற்றுக்கும் பொதுவாக செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்துவிட்டது. ஆகவே 1950களின் வாட்ச் என்று சொல்லி விற்கிறார்கள், உள்ளே நாய்த் தலை மட்டும் இருக்கிறது என்றால் அந்தக் கேஸுக்கு 1950களோடு சம்பந்தமில்லை.

இதோடு ஒரு சாவி வடிவம், அதற்குள் ஒரு எண் இருந்தால் இன்னும் நல்லது. ஜெனீவாவில் கேஸ் செய்த பட்டறைகளின் அடையாளம் அது. எண் 1 என்றால் வெங்கர் பட்டறை. அந்தக் காலத்தில் பெரிய பிராண்டுகள்கூடக் கேஸை வெளியே கொடுத்துத்தான் செய்தார்கள். டயல் ஒருவர், கேஸ் ஒருவர், உள்ளே ஓடும் மிஷின் ஒருவர். இதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. பெயர் போடாத எத்தனையோ கைகள் அந்த ஒரு சாவிக்குள் இருக்கின்றன.

பிரான்ஸில் விற்றவற்றில் கழுகுத் தலையோ ஆந்தையோ இருக்கலாம். இங்கிலாந்தில் விற்ற ஒமேகாக்களில் பல 9 கேரட். ஸ்விட்சர்லாந்திலிருந்து மிஷின் மட்டும் வரும், கேஸை பர்மிங்ஹாமில் டெனிசன் கம்பெனி செய்யும். அவற்றில் நங்கூர முத்திரை, 375 என்ற எண், வருடத்தைக் காட்டும் ஓர் எழுத்து மூன்றும் இருக்கும். 9 கேரட்தானே என்று ஒதுக்காதீர்கள். அந்த வருட எழுத்து தேதி கண்டுபிடிக்கக் கையில் கிடைத்த வரம்.

ஒரு தங்க வாட்ச்சில் எத்தனை பவுன் தேறும்? அதை வைத்து விலை பேசலாமா?

மெல்லிய ஆண்கள் வாட்ச் கேஸ் 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18 கேரட் என்பதால் சுத்தத் தங்கம் 9 கிராம். நம் 22 கேரட் நகைக் கணக்கில் ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த விலைக்குக் கீழே நிஜத் தங்க வாட்ச் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் சந்தேகப்பட வேண்டும். தங்கக் கணக்கின் உபயோகம் அவ்வளவுதான்.

அதற்கு மேல் தரும் பணம் டயலுக்கும், கேஸின் வடிவம் கெடாமல் இருப்பதற்கும், மிஷினுக்கும். அந்த வரிசையில்தான். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படித்துவிட்டுப் போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வாங்கினதும் பாலீஷ் போட்டுடலாமா? புதுசு மாதிரி ஆயிடுமே?

கூடாது. நான் முதன்முதலாக வாங்கிய 18 கேரட் வாட்ச்சை அப்படித்தான் கெடுத்தேன். 1950களின் வாட்ச். லக்கின் மேல்முகமும் பக்கமுகமும் சேரும் இடத்தில் கத்தி முனை மாதிரி ஒரு கோடு ஓடும். லக்கின் பக்கத்தில் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஹெல்வேஷியா முத்திரை, லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூக்கும் கண்ணும் தெரியும். இரண்டு கீறலைப் போக்க ஒரு பாலீஷ் கடையில் கொடுத்தேன். மறுநாள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. லக் நான்கும் வாயில் போட்டுச் சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டுவிட்டிருந்தன. அந்தப் பெண்ணின் முகம் வெறும் மேடாகிவிட்டிருந்தது. கடைக்காரர் கேட்டதைச் செய்தார், கேட்டது நான்தான்.

தங்கம் மெத்தென்ற உலோகம். பஃப் சக்கரத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரையும். எழுபது வருட வாட்ச் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை சக்கரத்தைப் பார்த்திருக்கும். அதனால் வாங்கும்போதே லக்கைப் பாருங்கள். நான்கும் ஒரே தடிமனா? வாரைப் பிடிக்கும் ஸ்ப்ரிங் பார் கம்பி போகும் துளை ஓரத்துக்கு மிக நெருங்கிவிட்டதா? பக்கத்து முத்திரை ஆழமாக இருக்கிறதா? கீறல் இருக்கலாம், அது வாட்ச்சின் வயது. விளிம்பு போயிருக்கக் கூடாது.

டயல் ஒரிஜினலா, ரீடயல் பண்ணினதா, எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாரும் சிக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ரீடயல் என்றால் பழைய டயலைப் புதிதாகப் பூசி அச்சடித்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் எழுத்தின் விளிம்பு சீராக இருக்கிறதா, மை கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். நிமிடக் கோடுகள் பதித்த மணி அடையாளங்களுக்கு நேராக வர வேண்டும். ரீடயலில் ஒரு கோடு அடையாளத்தைத் தொட்டும் அடுத்தது தள்ளியும் இருக்கும். சின்ன விநாடி வட்டத்தின் நடுவும் அதன் முள்ளின் அச்சும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது ஸ்டெர்ன் சகோதரர்கள் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்துப் பாட்டெக் டயல்கள் பலவற்றில் பெயர் அச்சடித்ததல்ல. வெள்ளித் தகட்டில் எழுத்தைச் செதுக்கி, பள்ளத்தில் கறுப்பு எனாமல் பொடி நிரப்பி, சூளையில் சுட்டு, பிறகு தேய்த்துச் சமன் செய்வார்கள். சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தகட்டுக்கு மேல் மயிரிழை எழும்பி நிற்கிற மாதிரி தெரியும். டயலைக் கழுவினாலும் அந்த எழுத்து போகாது. யாராவது அழுத்தித் தேய்த்திருந்தால் முதலில் மெலிவது மிகச் சன்னமான கோடுகள். ஜெனீவா என்பதைப் பிரெஞ்சில் எழுதும்போது ஓர் எழுத்தின் தலையில் சின்னச் சாய்கோடு வரும். முதலில் அதைத் தேடுங்கள். அது பாதி போயிருந்தால் அந்த டயல் கடினமான கையில் மாட்டியிருக்கிறது.

நம் நாட்டுச் சந்தையில் இன்னும் ஜாக்கிரதை தேவை. பழைய எச்.எம்.டி., ஃபேவர் லூபா டயல்களைப் புதிதாக அச்சடித்து, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் விற்பது மும்பையை மையமாக வைத்து நடக்கும் பெரிய வியாபாரம். அதே கை ஒமேகாவிலும் பட்டிருக்கும். அறுபது வருட வாட்ச்சில் டயல் மட்டும் நேற்றுச் செய்தது மாதிரி இருந்தால் நேற்றுச் செய்ததுதான்.

டயலில் எழுதியிருப்பதை வைத்து வருடத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். வஷேரன் கான்ஸ்டான்டின் ஏறக்குறைய 1970 வரை தன் பெயரின் நடுவில் ‘அண்ட்’ குறி போட்டு எழுதியது. அந்தக் குறி இல்லாமல் 1950களின் வாட்ச் வந்தால் டயல் பின்னால் மாறியிருக்கலாம். பாட்டெக்கில் 1940களின் கடைசி வரை பெயரோடு ‘அண்ட் கம்பெனி’ என்பதன் சுருக்கம் சேர்ந்து வரும், அதன்பின் வராது.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் சிக்மா. ஆறு மணிக்குக் கீழே ஸ்விஸ் என்ற சொல்லின் இருபுறமும் குட்டியாக அந்தக் கிரேக்க எழுத்து இருந்தால், மணி அடையாளங்களும் முட்களும் தங்கம் என்று பொருள். இந்த வழக்கம் 1970களின் தொடக்கத்தில்தான் வந்தது. 1955 மாடலில் சிக்மா இருந்தால் அந்த டயல் சர்வீஸில் மாற்றியது. கம்பெனியே மாற்றியிருக்கலாம், போலி என்று சொல்ல முடியாது. ஆனால் பிறந்தபோது இருந்த டயல் இல்லை. விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

34 மில்லிமீட்டர் ரொம்பச் சின்னதா இருக்கே, லேடீஸ் வாட்ச் மாதிரி தெரியாதா?

அந்தக் காலத்து ஆண்களின் அளவு 31 முதல் 35 வரைதான். 40 மில்லிமீட்டர் வாட்ச்சைக் கழற்றிவிட்டு உடனே கட்டினால் சின்னதாகத்தான் தெரியும். ஒரு வாரம் கட்டிப் பாருங்கள், கண் பழகிவிடும்.

ரோஸ் கோல்டுக்கு ஏன் விலை அதிகம்? தங்கம் குறைவுதானே?

தங்கம் குறைவு இல்லை. 18 கேரட் என்றால் மஞ்சளிலும் ரோஸிலும் முக்கால் பங்கு தங்கம்தான். மீதிக் கால் பங்கில் செம்பு தூக்கலாக இருந்தால் சிவப்பு கூடும். வித்தியாசம் எண்ணிக்கையில். பெரும்பாலான மாடல்களில் மஞ்சளே அதிகம் செய்தார்கள், ரோஸ் குறைவு. வெள்ளைத் தங்கமும் பிளாட்டினமும் இன்னும் குறைவு.

பாட்டெக், வஷேரன் எல்லாம் கட்டுப்படியாகாது. எதில் ஆரம்பிக்கலாம்?

ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐடபிள்யூசி மூன்றையும் தயங்காமல் சொல்வேன். ஒமேகாவின் 30 மில்லிமீட்டர் மிஷின் 1939இல் வந்தது. பழைய வாட்ச்மேக்கர் யாரிடம் காட்டினாலும் முகம் மலரும், பழுது பார்க்க அவ்வளவு வசதி. ஐடபிள்யூசியின் 89ஆம் நம்பர் மிஷின் 1946இல் வந்தது. முன்பக்கம் எவ்வளவு அடக்கமோ, பின்மூடியைத் திறந்தால் அவ்வளவு அழகு. இவை 14, 18 கேரட் கேஸ்களில் கிடைக்கின்றன. பெரிய பெயருள்ள ரீடயல் ஒன்றைவிட, விளிம்பு கெடாத லாஞ்சின்ஸ் ஒன்று எந்த நாளிலும் மேல்.

பெயரே கேள்விப்படாத பிராண்டுகளின் தங்க வாட்ச்சுகளும் நிறைய வரும். அரிது என்று சொல்லி விற்பார்கள். அரிதாகவே இருக்கும், ஆனால் தேடுகிறவர் யாரும் இல்லை. அழகுக்காகப் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

ஓடெமார் பிகேக்குள்ளேயும் வஷேரனுக்குள்ளேயும் ஒரே மிஷின்னு சொல்றாங்களே, ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. ஜெஜர் லெகூல்த்ர் என்ற கம்பெனி தன் கச்சா மிஷின்களை மற்ற பெரிய பிராண்டுகளுக்கும் கொடுத்தது. வஷேரன் தன் இருநூறாவது ஆண்டான 1955இல் வெளியிட்ட 1003 என்ற மிஷினின் தடிமன் 1.64 மில்லிமீட்டர். ஓடெமார் பிகேயின் 2003ம் அதே வழியில் வந்தது. 1967இல் வந்த ஒரு மெல்லிய ஆட்டோமேடிக் மிஷினை ஓடெமார் பிகே, வஷேரன், பாட்டெக் மூன்றும் எடுத்துக்கொண்டன. செய்து கொடுத்த லெகூல்த்ர் தன் பெயரில் வந்த வாட்ச் எதிலும் அதைப் போடவில்லை.

கச்சாவாக வருவதை ஒவ்வொரு பாலமாக (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடு அது) விளிம்பு சீவி, கோடிட்டு, கல் குழிகளைப் பளபளப்பாக்குவது அந்தந்த வீட்டின் வேலை. ஒரே பட்டு நூலை வாங்கி இரண்டு தறிக்காரர் நெய்தால் ஒரே புடவையா வரும்? பியாஜே மட்டும் தன் வழியில் போனது. 1957இல் 2 மில்லிமீட்டரில் 9பி, 1960இல் 2.3 மில்லிமீட்டரில் ஆட்டோமேடிக் 12பி. மெல்லிய தங்க வாட்ச் என்றால் நான் முதலில் காட்டுவது அவற்றைத்தான்.

கம்பெனி கொடுத்த எக்ஸ்ட்ராக்ட் இருக்குன்னு சொல்றார். அப்போ கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ராக்ட் என்பது பழைய பேரேட்டில் இருக்கும் பதிவின் நகல். இந்த மிஷின் நம்பர், இந்தக் கேஸ் நம்பர், மஞ்சள் தங்கம், இந்த வகை டயல், இந்த வருடம் செய்து இந்தத் தேதியில் விற்றது என்று சொல்லும். அதற்குப் பிறகு வாட்ச்சுக்கு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. ரீடயல் பண்ணிய வாட்ச்சுக்கும் அதே காகிதம் கிடைக்கும்.

இருந்தாலும் நல்ல ஆயுதம். காகிதத்தில் ரோஸ் என்று இருந்து கையில் மஞ்சள் இருந்தால், அல்லது நம்பர் இரண்டில் ஒன்று ஒத்துவராவிட்டால், அடுத்த கேள்வியில் சொல்வது நடந்திருக்கலாம்.

கேஸும் நிஜம், மிஷினும் நிஜம், டயலும் நிஜம். ஆனா சேர்ந்து பிறக்கலைன்னு ஒருத்தர் சொல்றார். அது எப்படி?

1980 ஜனவரியில் தங்கம் அவுன்சுக்கு 850 டாலரைத் தொட்டது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்து, சாவி கொடுக்கும் வாட்ச்சை யாரும் மதிக்காத நேரமும் அதுதான். கேஸைக் கழற்றி உருக்கிவிட்டு மிஷினையும் டயலையும் டப்பாவில் போட்டு வைத்தார்கள். உலகம் முழுவதும் எத்தனை ஆயிரம் கேஸ்கள் அப்படி உருகின என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த அநாதை மிஷின்களுக்குப் பிற்காலத்தில் புதுக் கேஸ் செய்து மாட்டினார்கள், அல்லது வேறு வாட்ச்சின் கேஸைப் பொருத்தினார்கள்.

கண்டுபிடிக்க மூன்று இடங்கள். மிஷினைப் பிடித்திருக்கும் திருகுகளுக்கு அருகே கேஸில் பழைய அழுத்தத் தழும்பு வேறு இடத்தில் இருக்கிறதா? டயல் ஓரம் கேஸ் உதட்டுக்குள் அடங்காமல் இடைவெளி தெரிகிறதா? சாவித் தண்டு துளையின் நடுவில் வராமல் மேலோ கீழோ தள்ளி நிற்கிறதா? அதற்கு மேல், முன்னே சொன்ன ஹால்மார்க் எந்தக் காலத்தது என்று பாருங்கள்.

ஸ்டீல் வாட்ச் தங்கத்தைவிட விலை போகுதாமே, நிஜமா?

சில மாடல்களில் நிஜம். பாட்டெக் 1518 டிரெஸ் வாட்ச் இல்லை, காலண்டரும் ஸ்டாப் வாட்ச்சும் சேர்ந்தது, ஆனால் உதாரணத்துக்குச் சரியானது. பெரும்பாலும் தங்கத்தில்தான் செய்தார்கள். ஸ்டீலில் வெளியே தெரிந்தவை நான்கே. அதில் ஒன்று 2016இல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் ஸ்விஸ் ஃப்ராங்குக்குப் போனது. அடுத்த வருடம் அதே ஊரில், வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய் அணிந்த தங்க ரோலக்ஸ் 50 லட்சம் ஃப்ராங்கைத் தாண்டியது. அதன் கறுப்பு டயலில் மணி அடையாளங்கள் வைரம்.

நம்ம ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் தினமும் கட்டலாமா?

தினமும் வேண்டாம். இந்த வாட்ச்சுகளில் பெரும்பாலானவற்றின் பின்மூடி அழுத்தி மூடுவது, தண்ணீரைத் தடுக்காது. வியர்வை உள்ளே போனால் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, டயலில் புள்ளி புள்ளியாகக் கறை விழும், எஃகுப் பாகங்கள் துரு பிடிக்கும். ஏ.சி. மண்டபத்துக் கல்யாணம், மாலை விருந்து, மார்கழி மாதம் என்று பார்த்துக் கட்டுங்கள். கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். வாரை அப்படியே ஈரத்தோடு மூடி வைக்க வேண்டாம்.

சாவி காலையில் ஒரு தடவை, கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். முரண்டு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஓடாவிட்டாலும் ஆயில் காயும், அதனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ். கொடுக்கும்போது பாலீஷ் கூடாது, டயலைத் தொடக் கூடாது என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வேற ஊர்ல இருந்து வாங்குறேன், நேரில் பார்க்க முடியாது. என்ன படம் கேட்கணும்?

சூரிய வெளிச்சத்தில் டயல் நேராக ஒன்று, சாய்த்து ஒன்று. கண்ணாடி கீறலாக இருந்தால் அதைக் கழற்றி எடுத்த டயல் படம். நான்கு லக்கும் பக்கவாட்டில், முத்திரை தெரியும்படி. பின்மூடியின் உட்புறம் முழுவதும். மிஷின், அதன் நம்பர் படிக்கும்படி. டைம்கிராஃபரில் (மிஷினின் ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்த படம் கிடைத்தால் சந்தோஷம். வாட்ச் படுத்திருக்கும்போது ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு, 270 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் மிஷின் ஆரோக்கியம்.

பின்மூடியைத் திறக்க ஆள் இல்லை என்று விற்பவர் சொன்னால், திறக்கக் கூலியை நான் தருகிறேன், பக்கத்தில் இருக்கும் வாட்ச் கடைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்வேன். மூன்று நிமிட வேலை அது. அதற்கும் சாக்கு வந்தால், எவ்வளவு அழகான வாட்ச்சாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவேன்.